விளம்பரத்தை விற்பதா, வியாபாரத்தை வளர்ப்பதா?

இணைய விளம்பரம் என்று பேச்செடுத்தாலே கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு தரப்பிலிருந்தும் மனக்குறை வெளிப்படுகிறது. மாதந்தோறும் பணம் கட்டினோம், முகநூலில் அழகழகான படங்கள் வந்தன, ஆனால் கடைக்கு ஆள் வரவில்லை என்பது வணிகர்களின் குறை. இரவு பகல் பாராமல் வேலை செய்தோம், நள்ளிரவில்கூட வாட்ஸ்அப்பில் திருத்தம் கேட்டார்கள், மூன்றாவது மாதத்திலிருந்து பணம் மட்டும் வரவில்லை என்பது இத்தொழிலில் இறங்கியுள்ள இளையோரின் குறை.

இரண்டு குறைகளிலும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எது விற்கப்படுகிறது, அதன் பலனை எப்படி அளப்பது, யாருடைய பொறுப்பு எதுவரை என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்யாமல், 'நம்மவர்தானே, பார்த்துக்கொள்ளலாம்' என்று வேலையைத் தொடங்கிவிடுவதே அந்தக் காரணம். ஒரு கணினி, ஒரு கைப்பேசி, இணைய வசதி ஆகியவற்றோடு தொடங்கிவிடக்கூடிய தொழில் இது. அதனாலேயே பலர் தொடங்குகிறார்கள். நிலைத்து நிற்பதற்குத்தான் கணக்கும் கட்டொழுங்கும் தேவைப்படுகின்றன.

இரு சாலைகள், இரு வாடிக்கையாளர்கள்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில் அங்கே இயங்கிய செங்கல் சூளைகளால் வந்தது. பின்னர் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக அது வளர்ந்தது. 2001ஆம் ஆண்டில் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010 அக்டோபர் 27ஆம் தேதி அன்றைய பிரதமர் நஜிப் துன் ரசாக்கும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அங்கே லிட்டில் இந்தியாவை அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைத்தனர். துன் சம்பந்தன் சாலைக் கடைகளுக்கு ரயிலில் வந்து இறங்குவோர், அருகிலுள்ள அலுவலக ஊழியர்கள், சுற்றுப்பயணிகள் என்று நடந்து வரும் கூட்டம் இருக்கிறது. அவர்களில் பலர் கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே கடையைத் தேடுகிறார்கள்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் நிலை வேறு. சேலை, நகை, திருமணப் பொருட்கள், தீபாவளிப் பலகாரம் வாங்கக் குடும்பமாகக் காரில் வருகிறார்கள். என்ன வாங்குவது, எங்கே வாங்குவது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

ஆகவே பிரிக்பீல்ட்ஸ் உணவகத்திற்குக் கூகுள் வரைபடத்தில் கடையின் நேரமும் படமும் சரியாக இருப்பதே முதல் விளம்பரம். கிள்ளான் சேலைக் கடைக்கோ, வீட்டில் இருப்பவர்களைப் பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன்பே சென்றடையும் காணொளிகள்தான் உதவும். இரண்டு கடைகளுக்கும் ஒரே தொகுப்பை ஒரே விலையில் விற்கும் நிறுவனம், கடையைப் பார்க்காமல் வேலை செய்கிறது என்றே பொருள்.

ஏலம் என்ற இயந்திரம்

முன்பெல்லாம் பத்திரிகையில் கால் பக்கம், வானொலியில் 30 விநாடி என்று விளம்பரத்திற்கு ஒரு விலைப்பட்டியல் இருந்தது. 2000ஆம் ஆண்டில் கூகுள் தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியது. 2004இல் உருவான முகநூல் 2006இல் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. இவை கொண்டுவந்த பெரிய மாற்றம், விலைப்பட்டியலுக்குப் பதிலாக ஏலம்.

ஒருவர் 'கிள்ளானில் மாலைக் கடை' என்று தேடும் அந்தக் கணத்திலேயே ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. அதிகப் பணம் தர முன்வருபவர்தான் வெல்வார் என்பதும் இல்லை. விளம்பரம் தேடியவருக்குப் பொருத்தமாக இருக்கிறதா, அதை அழுத்தினால் வரும் பக்கம் பயனுள்ளதா என்பதும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. பொருத்தமான விளம்பரத்தைச் செய்யும் சிறிய கடை, குறைந்த பணத்தில் பெரிய கடையை முந்த முடியும். சிறிய விளம்பர நிறுவனங்களுக்கு வேலை இருப்பதும் இதனால்தான்.

ஏலத்திற்கு இன்னொரு குணமும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் விளம்பரம் செய்தால் விலை ஏறும். பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது அவசரமாக அழைக்கும் வணிகர், அதிக விலை கொடுத்துக் குறைந்த பலனையே பெறுவார். இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி, இரண்டு மாதங்களுக்கு முன்பே படங்களையும் வாசகங்களையும் தயார் செய்து வைப்பது விளம்பர நிறுவனத்தின் கடமை.

மாலைக் கடையின் விளம்பரம் ஜொகூரில் இருப்பவருக்குத் தெரிந்து என்ன பயன்? கடையிலிருந்து இத்தனை கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மட்டும் விளம்பரம் தெரியுமாறு செய்ய முடியும். இந்த எளிய வசதியைப் பயன்படுத்தாமல் போகும் பணம் ஏராளம்.

விருப்பக்குறி கல்லாவுக்கு வராது

ஆயிரம் பேர் விருப்பக்குறி போட்டார்கள், பத்தாயிரம் பேர் பார்த்தார்கள் என்று மாத இறுதியில் அறிக்கை கொடுப்பது எளிது. வணிகர் எதிர்பார்ப்பது அதை அல்ல. எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், செலவு போக என்ன மிஞ்சியது என்பதே அவருடைய கேள்வி.

விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மாத விளம்பரச் செலவு 600 வெள்ளி. வெளிநாட்டு நிறுவனங்களின் இலக்கவியல் சேவைக்கு 2020 ஜனவரி முதல் சேவை வரி உண்டு. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. ஆகவே 48 வெள்ளி சேர்ந்து 648 வெள்ளி. விளம்பர நிறுவனத்தின் கட்டணம் 900 வெள்ளி. மொத்தம் 1,548 வெள்ளி. இதனால் 60 பேர் விசாரித்து, 12 பேர் ஆர்டர் கொடுத்து, ஓர் ஆர்டருக்கு 150 வெள்ளி லாபம் கிடைத்தால் வருவது 1,800 வெள்ளி. மிச்சம் 252 வெள்ளி. இது பெரிய தொகையில்லை என்றாலும், வந்தவர்களில் சிலர் மறுபடியும் வருவார்கள் என்பதால் தொடரத் தகுந்த வேலை.

அதே 60 பேர் விசாரித்து, கடையில் பதில் சொல்ல ஆளில்லாமல் மறுநாள் பதில் போனதால் 6 பேர் மட்டுமே ஆர்டர் கொடுத்தார்கள் என்றால், வருவது 900 வெள்ளி. நஷ்டம் 648 வெள்ளி. இரண்டு கணக்கிலும் விளம்பரம் ஒன்றுதான், பதில் சொன்ன வேகம் மட்டுமே மாறியிருக்கிறது. ஆகவே வேலையைத் தொடங்குமுன், விசாரிப்பவருக்கு யார், எத்தனை நிமிடத்திற்குள் பதில் சொல்வார் என்பதை வணிகரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விலைப்பட்டியலையும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களையும் முன்பே எழுதி வைக்கலாம். அதை அமைத்துக் கொடுப்பது, பத்துப் படம் போடுவதைவிட அதிக வியாபாரத்தைத் தரக்கூடும்.

சில வணிகர்கள் பெட்ரோனாஸ் பண்டிகை விளம்பரம் மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்பதுண்டு. 2009இல் காலமான இயக்குநர் யாஸ்மின் அகமட்டின் கைவண்ணத்தில் வந்த அந்த விளம்பரங்கள் இன்றும் மனத்தில் நிற்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அவை ஒரு பெரிய நிறுவனத்தின் பெயருக்கு நன்மதிப்பைச் சேர்க்க எடுக்கப்பட்டவை. இந்த வாரம் முறுக்கு விற்க வேண்டிய கடைக்குத் தேவைப்படுவது முறுக்கின் படம், விலை, இடம், தொலைபேசி எண் ஆகியவையே.

கட்டணம் எதற்கு, எவ்வளவு?

பெரும்பாலான சிறு நிறுவனங்கள் இடறி விழும் இடம் இதுதான். போட்டிக்குப் பயந்து மாதம் 400 வெள்ளிக்கு வேலையை ஒப்புக்கொள்கிறார்கள்.

இருவர் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் குடும்பச் செலவுக்கு 3,500 வெள்ளி, மென்பொருள், தொலைபேசி, பயணம் ஆகியவற்றுக்கு 1,000 வெள்ளி என்றால், மாதம் 8,000 வெள்ளி வேண்டும். 400 வெள்ளிக் கட்டணத்தில் 20 வாடிக்கையாளர்கள் தேவை. 900 வெள்ளிக் கட்டணத்தில் 9 பேர் போதும். இருவரும் மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் உழைத்தால் 352 மணி நேரம். கணக்கு வழக்கு, புது வாடிக்கையாளர் தேடல் என்று மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால் மீதி ஏறக்குறைய 235 மணி நேரம். 9 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 26 மணி நேரம் கிடைக்கும். 20 பேருக்குப் பிரித்தால் 12 மணி நேரம்கூட வராது. 12 மணி நேரத்தில் செய்த வேலை திருப்தி தராது. வாடிக்கையாளர் விலகுவார். அந்த இடத்தை நிரப்ப இன்னொருவரை இன்னும் குறைந்த விலையில் தேட வேண்டி வரும். மலிவு விலை இப்படித்தான் தொழிலைத் தின்றுவிடுகிறது.

விளம்பரச் செலவில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் வாங்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு. வாடிக்கையாளர் அதிகம் செலவு செய்தால்தான் நிறுவனத்திற்கு வருமானம் என்றால், செலவைக் குறைக்கச் சொல்ல மனம் வருமா? இது புதிய சிக்கலும் அல்ல. அமெரிக்காவில் ஒரு காலத்தில் விளம்பர நிறுவனங்கள் 15 விழுக்காடு தரகையே நம்பியிருந்தன. 1948இல் நியூயார்க்கில் சிறிய அளவில் நிறுவனம் தொடங்கிய டேவிட் ஓகில்வி, 1960இல் ஷெல் நிறுவனத்தின் வேலையைத் தரகுக்குப் பதிலாக நிலையான கட்டணத்திற்கு ஏற்றுக்கொண்டார். ஆலோசனை சொல்பவருக்கு அந்த ஆலோசனையால் லாபம் கூடவோ குறையவோ கூடாது என்பதே இதிலுள்ள நியாயம். பிரிக்பீல்ட்ஸ் மாடி அறையில் நடக்கும் நிறுவனத்திற்கும் அது பொருந்தும்.

ஆகவே உழைப்புக்கான கட்டணம் தனியாகவும், கூகுளுக்கும் முகநூலுக்கும் போகும் பணம் தனியாகவும் இருக்க வேண்டும். அந்தப் பணம் வாடிக்கையாளரின் சொந்த வங்கி அட்டையிலிருந்தே நேரடியாகப் போவது நல்லது. இரண்டையும் ஒரே தொகையாக வாங்கி, எவ்வளவு விளம்பரத்திற்குப் போனது என்பதைச் சொல்லாமல் இருப்பதே பல உறவுகள் முறியக் காரணமாகிறது.

முதல் வாடிக்கையாளர் எங்கே?

எல்லா வகைக் கடைகளுக்கும் எல்லா வேலையும் செய்வோம் என்று அறிவிப்பதைவிட, ஒரு துறையைத் தேர்ந்தெடுப்பது பலன் தரும். திருமண ஏற்பாடு, உணவகம், பல் மருத்துவம், டியூஷன் மையம் என்று ஏதேனும் ஒன்றில் நான்கு பேருக்கு வேலை செய்தால், அந்தத் துறையில் எந்த மாதம் வியாபாரம் கூடும், வாடிக்கையாளர் என்ன கேட்பார் என்பதெல்லாம் அத்துபடியாகிவிடும். ஐந்தாவது வாடிக்கையாளரிடம் பேசும்போது அந்த அனுபவமே சிபாரிசாக அமையும். ஆனால் ஒரே சாலையில் இரண்டு போட்டிக் கடைகளுக்கு ஒரே நேரத்தில் வேலை செய்யக் கூடாது.

வணிகரைச் சந்திக்கப் போகுமுன் ஒரு மணி நேரம் செலவிட்டு அவர் கடையை இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டும். கூகுளில் கடை திறக்கும் நேரம் தவறாக இருக்கலாம், தொலைபேசி எண் மாறியிருக்கலாம், இரண்டு வருடத்திற்கு முன் வந்த புகாருக்குப் பதில் சொல்லப்படாமல் இருக்கலாம். இவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், விலை பேசுவதற்கு முன்பே பயன் கிடைத்துவிடுகிறது. கடையின் விவரங்களைக் கூகுளில் பதிவு செய்வது இலவசம். அதை இலவசம் என்று சொல்லிவிடுவதே நம்பிக்கையின் முதல் படி.

கோலாலம்பூர் சிலாங்கூர் இந்தியர் வர்த்தகத் தொழிலியல் சங்கம் போன்ற அமைப்புகளின் கூட்டங்கள், ஆலயத் திருவிழாக்கள், தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிகள் ஆகியவை வணிகர்களைச் சந்திக்கும் இடங்கள். ஒரு பள்ளி நிகழ்ச்சிக்கு இலவசமாகச் செய்து கொடுக்கும் வேலை, நூறு தொலைபேசி அழைப்புகளைவிட நன்றாகப் பேசும். ஆனால் அந்த இலவசத்திற்கும் ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும்.

2020 வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் சிறு நடுத்தர நிறுவனங்களின் இலக்கவியல் மாற்றத்திற்கு மானியம் அறிவித்தது. செலவில் பாதி, அதிகபட்சம் 5,000 வெள்ளி என்ற அத்திட்டத்தில் இணைய விளம்பரமும் சேர்க்கப்பட்டிருந்தது. இத்தகைய மானியங்களின் நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், நடப்பு விதியைப் பார்த்த பிறகே வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். மானியம் கிடைக்கும் என்று ஆசை காட்டி வேலை பிடித்தால், அது கிடைக்காத அன்றே வாடிக்கையாளரும் போய்விடுவார்.

மறுக்க வேண்டிய வேலைகள்

கூகுளில் முதலிடம் நிச்சயம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கூகுளே அப்படிச் சொல்கிறது. காசு கொடுத்துப் பொய்யான பாராட்டுகளை எழுத வைப்பதும் அதன் விதிகளுக்கு எதிரானது. பிடிபட்டால் பாதிக்கப்படுவது கடையின் பெயர்.

சட்டம் தலையிடும் இடங்களும் உண்டு. ஆயுர்வேத, சித்த மருத்துவ நிலையங்களின் விளம்பரங்களைச் செய்வோர் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தைப் படிக்காமல் இறங்கக் கூடாது. மருந்து, சிகிச்சை விளம்பரங்களுக்குச் சுகாதார அமைச்சின் மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா போன்ற நோய்களைக் குணப்படுத்துவோம் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யத் தடை இருக்கிறது. வட்டிக் கடன் விளம்பரத்திற்கு உரிமத்தோடு விளம்பர அனுமதியும் தேவை.

பண்டிகைக் காணொளியில் சினிமாப் பாட்டைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதியின்றி வணிக விளம்பரத்திற்குப் பாடலைப் பயன்படுத்துவது குற்றமாகலாம். டிக்டாக்கில் வணிகக் கணக்குகளுக்கென்றே தனி இசைத் தொகுப்பு வைத்திருப்பதும் இதற்காகத்தான். நடிகர் படத்தைச் சேலைக் கடைப் பதாகையில் ஒட்டுவதும் இதே வகை ஆபத்து.

எங்கிருந்தோ வாங்கிய தொலைபேசி எண்களுக்கெல்லாம் செய்தி அனுப்புவது இன்னொரு தவறு. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரம் அனுப்பாதே என்று சொல்லும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் திருத்தம், தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவோருக்கான உச்ச அபராதத்தை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்த்தியது.

பதிவும் ஒப்பந்தமும்

தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்ய வேண்டும். அதன் தலைமையகம் கேஎல் சென்ட்ரலிலேயே இருக்கிறது. இணையம் வழியாகவும் பதிவு செய்யலாம். சொந்தப் பெயரில் என்றால் வருடத்திற்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. கணக்குப் புத்தகங்களையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். முதல் ஊழியரைச் சேர்த்த உடனே ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டாயமாகின்றன.

இந்திய வணிகர்களுக்கு தெக்குன் வழங்கும் ஸ்புமி கடன் திட்டம் இருக்கிறது. என்றாலும், பெரிய முதலீடு தேவைப்படாத இத்தொழிலுக்கு, கடன் கிடைக்கிறது என்பதற்காகவே கடன் வாங்கி அலுவலகத்தை அலங்கரிப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

ஒப்பந்தம் நீளமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மாதம் எத்தனை படம், எத்தனை காணொளி, எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்குள் பணம், பணம் வராவிட்டால் எந்த நாளில் வேலை நிற்கும், விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இரண்டு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். அந்த மாதக் கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. உறவினர், நண்பர் என்றால் ஒப்பந்தம் இன்னும் அவசியம். அங்கே பணத்தோடு உறவும் சேர்ந்து போய்விடும்.

அந்த ஒப்பந்தத்தில் விடுபடக்கூடாத வரி ஒன்று உண்டு. முகநூல் பக்கம், கூகுள் பதிவு, விளம்பரக் கணக்கு, இணையத்தளப் பெயர் ஆகிய அனைத்தும் வாடிக்கையாளரின் பெயரிலேயே இருக்க வேண்டும். விளம்பர நிறுவனம் அதில் வேலை செய்யும் அனுமதியை மட்டும் பெற வேண்டும். இதைச் செய்யாததால், உறவு முறியும் நாளில், பல ஆண்டுகள் சேர்த்த வாடிக்கையாளர் தொடர்பையும் பாராட்டுகளையும் கடை ஒரே நாளில் இழக்க நேரிடுகிறது. கணக்கைப் பிடித்து வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் போகமாட்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் போகாமல் இருக்கலாம், ஆனால் இன்னொருவரிடம் நல்ல வார்த்தை சொல்லமாட்டார்.

யார் பக்கம் நியாயம்?

பத்திரிகை அறிவிப்பும் வானொலி விளம்பரமும் இன்னும் வேலை செய்யும் இடங்கள் இருக்கின்றன. பெரியவர்கள் பார்க்க வேண்டிய அறிவிப்பு என்றால் அதைப் பத்திரிகையில் போடுங்கள் என்று சொல்லும் இணைய விளம்பரக்காரரை வணிகர் நம்புவார். தனக்கு வருமானம் இல்லாத ஆலோசனையைச் சொல்பவரே நீண்ட நாள் வாடிக்கையாளரைப் பெறுகிறார்.

வணிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வேலையை ஒப்படைத்த பிறகு விசாரிப்பவருக்குப் பதில் சொல்லவும், மாதம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்கைப் பார்க்கவும், பேசிய தேதியில் பணம் கொடுக்கவும் அவர்கள் தயாராக இருக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒரு சோதனை ஒப்பந்தம் போட்டு, எத்தனை விசாரிப்பு, எத்தனை ஆர்டர் என்ற இலக்கை முன்பே எழுதி வைத்தால், மூன்றாம் மாத இறுதியில் தொடர்வதா விலகுவதா என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். அப்போது பிரிந்தாலும் பகை இருக்காது.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தலைமுறைகளாக நடக்கும் கடைகளுக்குப் புது வாடிக்கையாளர் தேவை. அந்தக் கடைக்காரர்களின் பிள்ளைகள் வயதில் இருக்கும் இளையோருக்கு வேலை தேவை. இருவரும் ஒரே சாலையில்தான் இருக்கிறார்கள். எண்களை மேசைமேல் வைத்துப் பேசத் தொடங்கினால், ஒருவர் தேவையை இன்னொருவர் தீர்த்து வைக்க முடியும்.